இருபத்தைந்தாவது அட்டை

1

இந்தக் கதைக்குக் காரணம் ஒரு டீ. போன டிசம்பரில் ஒரு பிற்பகல் முருகவேல் குடித்த டீ.

திருவண்ணாமலையில் தேரடிக்குப் பக்கத்துச் சந்தில் சின்னதாக ஓர் அச்சகம் வைத்திருப்பவன் முருகவேல். அன்னதான நோட்டீஸ், லாட்ஜ் பில் புத்தகம், காதுகுத்துப் பத்திரிகை என்று வண்டி ஓடும். அன்று வந்திருந்தது சர்ச் வேலை, வாக்குத்தத்த அட்டைகள். புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் ஒரு தட்டில் கவிழ்த்து வைப்பார்கள். ஆளுக்கொன்று எடுக்க வேண்டும். எடுத்த அட்டையில் என்ன வசனமோ, அதுதான் அந்த வருஷத்துக்கு ஆண்டவர் அவருக்குக் கொடுத்த வாக்கு. பைபிளுக்குள் வைத்து வருஷம் முழுக்கப் பார்த்துக்கொள்வார்கள்.

போதகர் தந்தது இருபத்து நான்கு வசனம். முருகவேலின் தாளிலோ இருபத்தைந்து கட்டம். கடைசிக் கட்டத்துக்கும் புறாவும் திராட்சைக் கொடியுமாக ஓரம் கட்டிவிட்டு, 'நடுவில் என்ன போடுவது என்று அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்' என்று நினைத்தான். கேட்கவில்லை. பத்துத் தாளும் அச்சாகி வெட்டுப்பட்டு விழுந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. உட்கார்ந்து வெற்று அட்டைகளைப் பொறுக்கினான். ஒன்பது கிடைத்தன. பத்தாவதைத் தேடக் குனிந்தபோது டீ வந்தது. வெளியே மலையின் மேல் மேகம் இறங்கிப் பாதி மலையை அழித்துவிட்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு குடித்தான். டம்ளர் காலியானபோது, பத்தாவது அட்டை மெஷினுக்கு அடியில்தான் விழுந்திருக்கும் என்று ஒரு நிம்மதி வந்துவிட்டது.

விழுந்திருக்கவில்லை.

(முருகவேல் நான்தான். 'நான்' என்று எழுதினால் நியாயம் தானாக என் பக்கம் சாய்கிறது. அதனால் அவனைக் கொஞ்ச தூரத்தில் நிற்க வைத்திருக்கிறேன்.)

2

தொடக்கங்கள்.

'மலையைச் சுற்றி ஆயிரமாயிரம் கால்கள் நடந்த ஒரு பௌர்ணமியில், ஒருத்தி மட்டும்...' வேண்டாம். அந்தப் பௌர்ணமியில் இந்தக் கதைக்குரிய அம்மாள் வீட்டில் ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

'விசுவாசம் என்பது...' இதுவும் வேண்டாம். 'என்பது' வந்தால் அருணாதேவி பக்கத்தைத் திருப்பிவிடுவாள்.*

நடந்ததையே சொல்கிறேன். அக்டோபரில் ஒரு காலை, அடி அண்ணாமலையிலிருந்து தபீத்தாள் என்ற அம்மாள் அச்சகத்துக்கு வந்தார். ஜாக்கெட் தைப்பவர், கழுத்தில் அளவு டேப் அப்படியே தொங்கியது. பைபிளைத் திறந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினார்.

"தம்பி, இத லேமினேஷன் போட்டுக் குடு. ஓரமெல்லாம் நஞ்சி போச்சு."

புறா இருந்தது. திராட்சைக் கொடி இருந்தது. நடுவில் ஒன்றும் இல்லை.

உண்மையைச் சொல்ல வேண்டிய இடத்தில் முருகவேல் கேட்டது: "எந்தப் பக்கம்க்கா மேல வரணும்?"

"ரெண்டு பக்கமும் தெரியணும்."

அட்டை சூடான உருளைக்குள் போய் வந்தது. பளபளவென்று, ஒன்றுமில்லாமல்.

* அருணாதேவி முருகவேலின் மனைவி. அவன் கதைகள் வரும் சிற்றிதழுக்கு ஏழு வாசகர்கள். அவர்களில் தானும் கதை எழுதாத ஒரே ஆள் இவள்தான்.

3

தபீத்தாளின் வருஷம் இப்படிப் போயிருந்தது. புருஷன் அப்பாதுரை, டூரிஸ்ட் வேன் டிரைவர். கிரிவலத்துக்கு ஊர் ஊராக ஆட்களைக் கொண்டுவந்து இறக்குவார். பிப்ரவரியில் கீழ்பென்னாத்தூர் தாண்டி வரும்போது வண்டியை ஓரங்கட்டி, பிரேக் போட்டு, சாவியைத் திருப்பி அணைத்து, அதன்பிறகு ஸ்டியரிங்கில் சாய்ந்தார். வண்டியிலிருந்த பதினெட்டுப் பேருக்கும் ஒரு கீறல் இல்லை. அவருக்கு வலது கை காலும் பேச்சும் போய்விட்டன.

அதன்பிறகு தையல்தான் சோறு. அப்பாதுரையின் அக்கா வந்து, "ஊரு சனத்தையெல்லாம் கொண்டாந்து மலைய சுத்த வச்சான். அவனுக்கு உங்க சாமி இன்னா பண்ணிச்சு?" என்று கேட்டாராம். தபீத்தாள் "ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டு மெஷினில் பாபின் மாற்றினாராம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பஸ் பிடித்து சர்ச்சுக்கும் போய்விடுவார்.

இந்த இடத்தில் எனக்கு இந்தப் பாத்திரத்தின் மேல் சந்தேகம் வருகிறது. இப்படி ஒருவர் இருப்பாரா? ஒரு தட்டையாவது சுவரில் எறிய வேண்டாமா? எறிகிற மாதிரி ஒரு காட்சி எழுதினேன். எவர்சில்வர் தட்டு சுழன்று சுழன்று, சத்தம் அடங்குவதற்குள் ஒரு முழுப் பத்தி ஓடியது. அழகான பத்தி. அடித்துவிட்டேன். அது அவர் எறிந்த தட்டு இல்லை, என் வீட்டுத் தட்டு.

இவ்வளவுக்குப் பிறகும் எப்படி நம்பிக்கை போகாமல் இருக்கிறது? முருகவேல் போதகரைக் கேட்டான். அவர் கண்ணை மூடிக்கொண்டு, "கிருபை" என்றார். அருணாதேவியைக் கேட்டான். "இன்னாத்துக்கு என்னைக் கேக்கற? அவங்ககிட்ட போய்க் கேளு" என்றாள்.

போகவில்லை. பதிலுக்கு ஒரு கனவு வந்தது. பௌர்ணமிக் கூட்டம் மொத்தமும் ஆளுக்கொரு வெற்று அட்டையைக் கையில் ஏந்தி, சத்தமே இல்லாமல் மலையைச் சுற்றுகிறது. நிலா வெளிச்சத்தில் மலை மெதுவாகத் திரும்பி அவர்களோடு கூடவே நடக்கிறது. எல்லோரும் முருகவேலைக் கடந்து போகிறார்கள். ஒருவர்கூட அவனைத் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

4

முடிவுகள்.

ஒன்று: கிறிஸ்துமஸ் காலையில் அப்பாதுரை வாய் திறந்து "தபீத்தா" என்கிறார். இதை எழுதிவிட்டு நானே அழுதேன். ஆகவே இது சரியில்லை.

இரண்டு: தபீத்தாள் அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு, கூட்டத்தோடு கூட்டமாய் மலையைச் சுற்ற... நம் ஆறு எழுத்தாளர்களும் கை தட்டுவார்கள். அவர்கள் யாரும் அப்பாதுரைக்குக் கஞ்சி ஊட்டப் போவதில்லை.

மூன்று: இதுதான் எனக்குப் பிடித்தது. கதையின் கடைசிப் பக்கத்தில் புறாவும் கொடியும் ஓரம் கட்டி, நடுவே காலியாக விட்டு, 'வாசகரே, எழுதிக்கொள்ளுங்கள்' என்று உங்கள் கையில் கொடுத்துவிடுவது. தப்பு செய்தவனே தப்பைத் தத்துவமாக்கிவிடலாம். செலவும் இல்லை.

அந்த எண்ணத்தோடுதான் முருகவேல் இந்த டிசம்பரில் அடி அண்ணாமலைக்குக் கிளம்பினான். சட்டைப்பையில், வசனத்தோடு அச்சடித்த ஒரே ஒரு புது அட்டை.

5

காலை பதினொரு மணி இருக்கும். அப்பாதுரை வாசற்படிக்கு உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து, ரோட்டில் போகிற வேன்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மடியில் லேமினேஷன் அட்டை. தபீத்தாள் மெஷினில் இருந்தார்.

"அக்கா, அந்த அட்டையில எழுத்து இல்லாதது ஆண்டவர் செயல் இல்லீங்க. என் தப்பு."

தபீத்தாள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "தெரியுமே."

"எப்போலேர்ந்து?"

"எடுத்த அன்னிக்கே. ஆண்டவரு புறா போட்டு, கொடி போட்டு, எழுதறத மட்டும் மறந்துடுவாரா? எவனோ டீ குடிக்கப் போயிட்டான்னு பாத்தாலே தெரியுது."

அப்பாதுரையின் இடது தோள் குலுங்கியது. அவர் சிரிக்கிறார் என்று முருகவேலுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"மாத்தித் தரச் சொல்லிக் கேட்டிருக்கலாமேக்கா."

"கேக்கலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள இவரு இப்டி ஆயிட்டாரு. சாயங்காலமானா இத கையில எடுத்துக்குவாரு. எனக்கு அன்னிக்கு எந்த வசனம் ஞாபகம் வருதோ, அதுல இருக்கிற மாதிரி படிச்சிக் காட்டுவேன். தெனம் ஒண்ணு."

முருகவேல் குரலைத் தாழ்த்தினான். "அதுல ஒண்ணும் இல்லைனு அவருக்கு..."

"பேச்சுதான் போச்சு தம்பி. கண்ணு டிரைவர் கண்ணு."

புது அட்டையை நீட்டினான். வாங்கி ஒருமுறை உதட்டுக்குள் படித்துப் பார்த்து, பழையதோடு சேர்த்துப் புருஷன் மடியில் வைத்தார். "இதுவும் இருக்கட்டும்."

"நம்பிக்கை கம்மியாவே இல்லியாக்கா?"

"ஏன் ஆவாது? காலையில இவர தூக்கி உக்கார வைக்கறப்ப ஒண்ணுமே இருக்காது. சும்மா வாயால ஸ்தோத்திரம் சொல்லுவேன். நாலு வாய் கஞ்சி உள்ள போச்சுன்னா கொஞ்சூண்டு வரும். அத வச்சிக்கினு அன்னிக்கு ஓட்டுவேன். மறுநாளு மறுபடியும் மொதல்லேர்ந்து."

மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. வெளியே மேகம் விலகி, மலை முழுசாக நின்றது. முருகவேலின் தலைக்குள் மூன்றாவது முடிவு ஜொலித்தது. இதோ இந்த அம்மாளே சாட்சி. காலியிடத்தில்தானே தினம் ஒன்று நிரம்பியது! இந்த வருஷ அட்டை வேலையும் கைக்கு வந்திருந்தது. இனி அவனைத் தூரத்தில் நிற்க வைத்துப் பயனில்லை. கேட்டது நான்தான்.

"அக்கா, இந்த வருஷமும் ஒரே ஒரு அட்டைய வேணும்னே காலியா விட்டுடட்டுமா?"

தபீத்தாள் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினார்.

"வேணாம். அன்னிக்கு சர்ச்சுல எல்லாரும் உனக்கு இன்னா, எனக்கு இன்னானு ஒருத்தருக்கொருத்தர் காட்டிக்கினாங்க. நான் மட்டும் கைய மூடிக்கினு நின்னேன். வூட்டுக்கு வந்து விடியற வரைக்கும் அழுதேன் தம்பி. இன்னொருத்தருக்கு அப்டி வேணாம். ஒவ்வொரு அட்டையா எடுத்து, எழுத்து இருக்குதான்னு பாத்துட்டு அனுப்பு."