சைரனுக்கு ஆடும் ஊர்

எங்கள் ஊர் முதல்முதலாகக் கால்பந்துக் கோப்பையை ஜெயித்த சாயங்காலம் லாரி, பஸ், தீயணைப்பு வண்டி எல்லாம் ஹாரன் அடித்தபடி ஊர்வலம் போயின. காலி ஆம்புலன்ஸ்களும் சைரன் போட்டன. ஜனங்கள் நடுரோட்டில் இறங்கி அந்தச் சத்தத்துக்கு ஆடினார்கள். ஒரு நாள் கூத்து என்று விட்டிருக்கலாம். விடவில்லை. அதற்குப் பிறகு பக்கத்து ஊரை ஜெயித்தால்கூட ரோட்டுக்கு வந்துவிடுகிறார்கள். சைரன் கேட்டால் ஒதுங்க வேண்டும் என்று தெரியாமலே ஒரு தலைமுறை வளர்ந்து மீசையும் வைத்துவிட்டது. ஆம்புலன்ஸ் ஓட்டுகிற எனக்கு மேட்ச் நாள் என்றாலே பயம்.

அப்படி ஒரு மேட்ச் நாளில் கூப்பிட்டது என் அக்காவே. "தம்பி, மேட்ச் பாத்துக்கிட்டிருந்த அத்தான் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு சாஞ்சுட்டாருடா."

அத்தானை வண்டியில் ஏற்றினோம். நர்ஸ் ஆக்ஸிஜன் வைத்தாள். அவர் மாஸ்க்கை விலக்கி, "கடைசியில எத்தனைக்கு எத்தனை?" என்றார்.

"ரெண்டுக்கு ஒண்ணு, நாமதான். பேசாம வாங்க," என்று அக்கா அதட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்தது. மனுஷன் பிழைத்துவிடுவார் என்று நம்பினேன்.

மேம்பாலம் இறங்கியதும் கூட்டம். ஆஸ்பத்திரிக்கு வேறு வழி கிடையாது. சைரனைப் போட்டேன். விலகவில்லை, கைதட்டி ஆடத் தொடங்கினார்கள். சத்தத்தைக் கூட்டக் கூட்ட ஆட்டமும் கூடியது. ஒருவன் பானட் மேல் கொடியை விரித்தான். நான் கீழே இறங்கிக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"உள்ள ஒரு உயிர் போராடுதுய்யா. வழி விடுங்க."

கேட்ட நாலு பேர் பதறிப்போய் ஒதுங்கினார்கள், மற்றவர்களையும் தள்ளிவிட்டார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. பின்னால் நின்றவர்களுக்கு நான் சொன்னது எட்டவில்லை, சைரன்தான் எட்டியது. அவர்கள் ஆடிக்கொண்டே முன்னால் வந்தார்கள்.

ஏறி உட்கார்ந்து வண்டியை அங்குலம் அங்குலமாக நகர்த்தினேன். நர்ஸ் அத்தானின் நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தாள். ரொம்ப நேரம் அழுத்தினாள். பிறகு கையை எடுத்துவிட்டாள்.

அக்கா பின்னாலிருந்து என் தோளைத் தொட்டாள். "சைரனை நிறுத்துடா தம்பி. இனிமே அவருக்கு அவசரமில்ல."

நிறுத்தினேன். கூட்டம் ஏமாந்துபோய் இரைந்தது. முகமெல்லாம் சாயம் பூசிய ஒருவன் ஜன்னலைத் தட்டி, சிரித்த முகமாக, "ஏண்ணே நிறுத்திட்டீங்க? இன்னும் கொஞ்சம் போடுங்கண்ணே," என்றான்.