சிவப்புப் பொட்டு வைத்த தூக்கு

மூன்றாவது முறையாகக் கொண்டுபோய்க் காட்டிய கோழிக்குழம்பையும் இறந்துபோன அம்மாளின் மகன் ஒரு கரண்டி வாயில் விட்டு, கண்ணை மூடி, முகத்தை மேலே தூக்கி, கடைசியில் உதட்டைப் பிதுக்கினார். கண்ணை மூடிக்கொண்டு மேலே என்னத்தைப் பார்க்கிறார் என்று சமையல்காரிக்கு எரிச்சலாக வந்தது.

“நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா எங்கம்மா கை வரல.”

“மொத தடவைக்கு இது எவ்வளவோ மேல்,” என்றாள் அவருடைய தங்கை, சமாதானமாக.

மூன்று முறையும் ஒரே குழம்புதான். உப்பு ஒரு கல் கூடவில்லை, குறையவில்லை. முதல் முறை காரம் தூக்கல் என்றார்கள். சரி என்று தலையாட்டிவிட்டு வந்து அதையே மறுபடி செய்தாள். இரண்டாம் முறை காரம் இப்போது சரி, மணம்தான் போதாது என்றார்கள். அதற்கும் தலையாட்டினாள். சாப்பிடத் தெரியாதவர்களிடம் வாதாடினால் தொண்டைத் தண்ணீர்தான் வற்றும்.

“போகட்டும். தொழில் சமையல்னா இவ்வளவுதான்,” என்று மகன் பெரிய மனசு பண்ணினார். “அம்மா போய் ஒரு வருஷம். அழக்கூடாது, அவங்க வாழ்ந்ததைக் கொண்டாடணும். இருநூறு பேர். அம்மா குழம்புதான் விருந்தே.”

வெளியே வந்ததும் சமையல்காரியின் வீட்டுக்காரர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். “ஒண்ணும் சொல்லிடலையே?”

“என்னத்தச் சொல்ல? அவங்கம்மா குழம்பே நம்ம குழம்புதான்னு சொல்லவா?”

விஷயம் அதுதான். அந்த அம்மாள் பதினான்கு வருஷம் ஞாயிறு தவறாமல் காலை எட்டு மணிக்கு, இரண்டு தெரு தாண்டி இருக்கும் இவள் சமையல்கூடத்தின் பின்கதவைத் தட்டினாள். கையில் ஒரு துணிப்பை, பைக்குள் ஒரு எவர்சில்வர் தூக்கு. மதியம் மகனும் மகளும் குடும்பத்தோடு சாப்பிட வருவார்கள். அவர்களுக்கு அம்மா கையால் கோழிக்குழம்பு. அந்தக் கை இவளுடைய கை. பாதி வெங்காயத்தை நெருப்பில் வாட்டிக் கருக்கி அரைத்து விடுகிற ரகசியமும் இவளுடையதே. அதையும் அந்த அம்மாள் தன்னுடையதென்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

குழம்பு ஆகும்வரை அந்த அம்மாள் என்ன செய்தாள் என்றால், ஒன்றும் செய்யவில்லை. அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. எண்ணெய் டின்மேல் கால். செய்தித்தாளை விளம்பரம் விடாமல் படிப்பாள், இரண்டு முறை டீ கேட்பாள். பத்தரைக்குத் தூக்கைப் பைக்குள் வைத்து, மேலே நாலு வெங்காயத்தைப் போட்டு மறைத்து, புடவைத் தலைப்பில் மஞ்சள்தூளைக் கொஞ்சம் தேய்த்துக்கொண்டு, குழாயில் முகத்தை நனைத்துத் துடைக்காமல் கிளம்புவாள். பார்க்கிறவர்களுக்கு அது வேர்வை. நடிகைகள் பிச்சை வாங்க வேண்டும்.

தூக்கு மொத்தம் இரண்டு. ஒன்றைக் கொண்டுபோனால் இன்னொன்று அடுத்த வாரத்துக்காக இங்கே இருக்கும். மற்றப் பாத்திரங்களோடு கலந்துவிடாமல் இருக்க இரண்டின் மூடியிலும் அந்த அம்மாள் சிவப்பு நகப்பூச்சில் ஒரு பொட்டு வைத்திருந்தாள்.

“நான் செத்தாலும் நீ வாயைத் தொறக்கக் கூடாது,” என்று ஒருநாள் சத்தியம் வாங்கினாள். “முக்கியமா எம் பொண்ணுகிட்ட. உனக்குக் கை வராதுடின்னு அவகிட்டச் சொல்லிச் சொல்லியே காலத்த ஓட்டிட்டேன். தெரிஞ்சா என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவா.”

அன்றைக்குச் சமையல்காரியும் விழுந்து விழுந்து சிரித்தாள். அதை மட்டும் இப்போது நினைத்தால் அவளுக்கு என்னவோ செய்தது.

கொண்டாட்ட நாளன்று மண்டப வாசலில் பலூன் தொங்கியது. மேடையில் ஆள் உயரத்துக்கு அந்த அம்மாளின் படம். ஒரு கையில் கரண்டி, முன்னால் பெரிய பாத்திரம், முகத்தில் தியாகம். பாத்திரத்துக்குள் காற்றுதான் இருந்திருக்கும் என்று சமையல்காரி பந்தயமே கட்டுவாள்.

மகன் மைக்கைப் பிடித்தவர் விடவில்லை. “எங்கம்மா ஒரு நாள் உக்காந்து நான் பார்த்ததில்லை!” என்று தழுதழுத்தார்.

சோற்றுப் பாத்திரத்தின் மூடியைத் திறந்துகொண்டிருந்த சமையல்காரி, “நான் பார்த்திருக்கேன், பதினாலு வருஷம்,” என்று முணுமுணுத்தாள்.

“வாயை வச்சிக்கிட்டுச் சும்மா இரு,” என்றார் வீட்டுக்காரர்.

மகன் சொன்னதிலும் பொய் இல்லை. அவர் பார்த்ததில்லை. நிற்கிறதையாவது பார்த்திருந்தால் ஒரு நாற்காலியை இழுத்துப் போடத் தோன்றியிருக்கும். பன்னிரண்டரைக்கு வந்து, சோபாவில் சாய்ந்து, தட்டு வந்ததும் எழுந்திருக்கிறவருக்கு அடுப்படியில் யார் நிற்கிறார்கள், யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எப்படித் தெரியும்?

“அம்மாவோட அந்த ஞாயித்துக்கிழமை விருந்து நிக்கவே கூடாது,” என்று அவர் குரலை உயர்த்தினார். “அடுத்த வாரத்துல இருந்து என் தங்கச்சி வீட்டுல! நாங்க எல்லாரும் வர்றோம்!”

கூட்டம் கைதட்டியது. தங்கையிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. சிரித்தாள். சிரித்த வாய் அப்படியே நின்றுவிட்டது.

பந்தி தொடங்கியது. குடும்பத்தார் மேசைக்குத் தனியாகக் குழம்பு அனுப்பச் சொன்னார்கள். அவசரத்தில் வீட்டுக்காரர் கைக்கு எட்டிய தூக்கை எடுத்து ஊற்றிக்கொண்டு ஓடினார். மகன் ஒரு வாய் வைத்தார். கண்ணை மூடினார், முகத்தைத் தூக்கினார், இந்த முறை உதடு பிதுங்கவில்லை.

“இது! இதான் அம்மா கை!” இன்னொரு கையில் மைக் இருந்ததால் மண்டபம் முழுக்கக் கேட்டது. “இப்பத்தான் வந்திருக்கு!”

ஒரே அண்டாவில் இருந்து வந்த குழம்பு. இருநூறு பேர் தட்டிலும் அதுதான் இருந்தது.

தங்கை குழம்பைப் பார்க்கவில்லை. மூடியைப் பார்த்தாள். “அண்ணா, இது அம்மாவோட தூக்கு. இந்தப் பொட்டு என் கல்யாணத்துக்கு வாங்கின நகப்பூச்சுல வச்சது. ஒண்ணுதான் வீட்டுல இருக்கு, இன்னொண்ணைக் காணோம்னு தேடினோமே.”

அப்போதுதான் வீட்டுக்காரருக்குத் தான் எதை எடுத்து வந்தோம் என்று உறைத்தது. அந்த அம்மாள் கடைசி ஞாயிறு ஒன்றைக் கொண்டுபோய், வியாழக்கிழமை கண்ணை மூடிவிட்டாள். மற்றது சமையல்கூட அலமாரியிலேயே ஒரு வருஷம் கிடந்தது. திருப்பிக் கொடுக்கப் போனால் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டுமே. இன்றைக்கு மற்றப் பாத்திரங்களோடு சேர்ந்து அதுவும் மண்டபத்துக்கு வந்துவிட்டது.

“இந்தாம்மா, இங்க வா,” என்று மகன் சமையல்காரியைக் கூப்பிட்டார். மைக் இன்னும் கையில். “எங்கம்மா பாத்திரம் உங்ககிட்ட எப்படி வந்துச்சு?”

“தெரியாமக் கலந்திருச்சு சார்.”

“எங்க வச்சுக் கலந்துச்சு? அம்மா போன அன்னிக்கு வீட்டுக்கு யார் யாரோ வந்தாங்க. இன்னும் என்னென்ன கலந்துச்சோ!”

மண்டபத்தில் கரண்டிச் சத்தம் நின்றது. அடுத்த மாதம் தன் மகள் கல்யாணத்துக்கு இவளைப் பேசி வைத்திருந்த ஒரு பெண்மணி தட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டாள். இந்த வேலையில் நல்ல பெயர் ஒன்றுதான் முதல். அது கண்ணெதிரே கரைவதைச் சமையல்காரி பார்த்தாள். ஒரு வரி சொன்னால் போதும், மேடையில் இருக்கிற படம் கரண்டியோடு கவிழ்ந்துவிடும். நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டு பின்பக்கம் போய் அடுப்படியில் நின்றாள். செத்தவள்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது.

சற்று நேரத்தில் அந்த அம்மாளின் மகள் தூக்கோடு அங்கே வந்தாள்.

“அக்கா, உண்மையச் சொல்லுங்க. திருடுறவங்க பொட்டு வச்ச பாத்திரத்துலயே எங்க மேசைக்கு அனுப்ப மாட்டாங்க. அந்த அளவுக்கு எனக்கும் புத்தி இருக்கு.”

“விடுங்கம்மா. கெட்டவளாவே இருந்துட்டுப் போறேன்.”

“அடுத்த ஞாயிறு நான் என்ன செய்யப்போறேன்னு சொல்லுங்க. அந்த வெங்காயத்தை எத்தனை தடவ கருக்கிப் பார்த்திருக்கேன் தெரியுமா? ஒரே கசப்பு. அம்மா ரெண்டு வாய் வச்சுட்டுச் சிரிப்பாங்க. உனக்குக் கை வராது, விடுடின்னு. கடைசி பத்து வருஷம் நான் அவங்களுக்கு ஒரு டம்ளர் கஞ்சிகூட வச்சுக் குடுக்கல அக்கா. பயம்.”

அதோடு சமையல்காரியின் சத்தியம் முறிந்தது. தானும் சேர்ந்து சிரித்த அந்தச் சிரிப்பு இவள் தலையில்தான் விழுந்திருக்கிறது என்று தெரிந்தபின் எந்த வாயால் மூடி மறைப்பது?

“உங்கம்மாவுக்கு வெங்காயம் ஒழுங்கா உரிக்கக்கூடத் தெரியாதும்மா,” என்று தொடங்கி, நாற்காலி, எண்ணெய் டின், மஞ்சள்தூள், குழாய்த் தண்ணீர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

மகள் பக்கத்திலிருந்த காய்கறிக் கூடைமேல் உட்கார்ந்தாள்.

“காலைத் தூக்கி வச்சுக்கிட்டா?” என்றாள்.

“ஆமா. செருப்பைக் கழட்டிட்டு.”

“பாவி,” என்றாள் மகள். பிறகு சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அது எப்போது அழுகையானது என்று சமையல்காரிக்குத் தெரியவில்லை. “ஒரு நாளாவது எங்கிட்டச் சொல்லியிருந்தா நானும் வந்து பக்கத்துல உக்காந்திருப்பேனே!”

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் மண்டபத்துக்குள் போனாள். அண்ணன் கையிலிருந்து மைக்கை வாங்கினாள். அப்படி ஒரு காரியத்தை அவளுடைய பிறவியில் அதற்குமுன் செய்திருக்க மாட்டாள்.

“தூக்கை நான்தான் அந்த அக்காகிட்டக் குடுத்தேன். மறந்தே போயிட்டேன். எல்லாரும் மன்னிக்கணும்,” என்றாள். “இன்னிக்கு நீங்க சாப்பிடுற குழம்பு அம்மா குழம்பேதான். நான் சத்தியம் பண்ணுவேன்.”

கூட்டம் மறுபடி கைதட்டியது. இந்தக் கூட்டம் எதற்கும் கைதட்டும். கல்யாண வீட்டுப் பெண்மணி தட்டிலிருந்து தலையை நிமிர்த்தி இன்னும் ஒரு கரண்டி கேட்டாள். ஏதோ ஞாபகக் கோளாறு என்று மகனும் தங்கையின் முதுகைத் தட்டிக் கொடுத்தார். சமையல்காரியிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்க அவருக்குத் தோன்றவில்லை.

அடுத்த ஞாயிறு காலை எட்டு மணிக்குப் பின்கதவு தட்டப்பட்டது. மகள் நின்றாள், கையில் துணிப்பை.

“அந்த நாற்காலி இருக்கா அக்கா?”

இருந்தது. அவள் உட்கார்ந்து, கொஞ்சம் கூச்சப்பட்டு, பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு எண்ணெய் டின்மேல் காலை வைத்தாள். சமையல்காரி கேட்காமலேயே டீ கொடுத்தாள். பத்தரைக்குக் கிளம்பும்போது, “வீட்டுக்குப் போனதும் உங்க பாத்திரத்துக்கு மாத்திடுங்க,” என்று சொல்லி, குழாயைத் திறந்து விட்டாள். “முகத்தையும் நனைச்சுக்கோங்க.”

சாயங்காலம் மகள் போன் செய்தாள்.

“அண்ணன் மூணு தடவ போட்டுச் சாப்பிட்டாரு அக்கா. சட்டியை வழிச்சுட்டாரு.”

“என்ன சொன்னாரு?”

“கண்ணை மூடி மேல பார்த்தாரு. அப்புறம், ‘பரவால்ல, தேறிட்ட. ஆனா அம்மா கை வரல’ன்னாரு.”