இனி யார் பார்த்துக்கொள்வது

உலகநாதனின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த தையலம்மாள் கணவனின் முகத்தைப் பார்க்கவில்லை. வாசலில் பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நின்ற மகன் தணிகைவேலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினாறு வயது. அவனைச் சுற்றித் தெருப்பிள்ளைகள் நின்றன.

"எம்பொண்ண ஏரியிலருந்து தூக்கிக் குடுத்த சாமியே, போயிட்டியே!"

பக்கத்து வீட்டு விருத்தாம்பாள் மாரில் அடித்துக்கொண்டாள். அவள் அதைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் தையலம்மாளின் அழுகை நின்றுபோனது.

போன ஆடியில் நடந்தது. பாகூர் ஏரி மதகடியில் விருத்தாம்பாளின் மூன்று வயது மகள் அமுதம் வழுக்கி விழுந்ததாகவும், உலகநாதன் குதித்துக் காப்பாற்றியதாகவும் ஊர் நம்பியது. கஞ்சிக் கலயத்தோடு கரைமேல் வந்த தையலம்மாள் கண்டது வேறு. குழந்தையின் தலையைத் தண்ணீருக்குள் அமுக்கிக்கொண்டு தணிகைவேல் இடுப்பளவு நீரில் நின்றிருந்தான். முகத்தில் கோபமே இல்லை. உலகநாதன்தான் பாய்ந்து குழந்தையை அவன் கையிலிருந்து பிடுங்கித் தூக்கினார். வீட்டுக்கு வந்து கேட்டபோது, "எவ்ளோ நேரம் மூச்சு தாங்கும்னு பாத்தேம்மா" என்றான்.

அன்றிலிருந்து உலகநாதன் மகனை விட்டு அகலவில்லை. ஏரோட்டினாலும் கரும்பு வெட்டினாலும் கூடவே வைத்துக்கொண்டார். அப்பன் பிள்ளை என்றால் இப்படியல்லவா இருக்கவேண்டும் என்று ஊரே மெச்சியது. "வெளிய சொன்னா அடிச்சே கொன்னுடுவாங்கடி" என்பார் மனைவியிடம். காய்ச்சலில் கிடந்த கடைசி நாள், "இனிமே யாரு பாத்துப்பா?" என்று மட்டும் கேட்டார்.

ஊராட்சி அலுவலகமான மேரியில் சாவைப் பதிந்துவிட்டு ஆள் வந்ததும் பிணத்தை எடுத்தார்கள். பொழுது சாய்வதற்குள் கொள்ளி வைத்துவிட்டு, மொட்டைத் தலையோடு தணிகைவேல் திரும்பினான். பிள்ளைகள் அவன் தலையைத் தொட்டுப்பார்த்துச் சிரித்தன. அமுதம் அவன் விரலைப் பிடித்துக்கொண்டது.

"வா, ஏரியில அல்லி பறிச்சித் தர்றேன்."

தையலம்மாள் எழுந்துவிட்டாள். பிடித்து உட்காரவைக்க வந்த பெண்களை உதறிக்கொண்டு ஓடினாள். குழந்தையைத் தூக்கி, கொல்லையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த விருத்தாம்பாளிடம் கொண்டுபோனாள்.

"விருத்தா, அன்னிக்கி இவ வழுக்கி வுழல."

"இன்னாக்கா சொல்ற?"

"எம்புள்ளதான் அமுக்கிப் புடிச்சான். கண்ணால பாத்தேன். இவள அவன்கிட்ட வுடாத. மத்தவங்களுக்கும் சொல்லிடு."

விருத்தாம்பாள் அவளையே பார்த்தாள்.

"இத்தினி நாளா அவங்கூடத்தானே வெளையாடிகினு இருந்துது" என்றாள் மெல்ல. பிறகு அமுதத்தை வாங்கிக்கொண்டு, கையிலிருந்த சாம்பலைக்கூடக் கழுவாமல், கொல்லை வழியாகவே போய்விட்டாள்.

மறுநாள் பால் தெளிக்கு ஆண்கள் வந்தார்கள். பெண்களும் வந்தார்கள். பிள்ளை ஒன்றுகூட வரவில்லை. யாரும் தணிகைவேலை அடிக்கவில்லை. யாரும் அவனோடு பேசவுமில்லை. முடிந்ததும் தண்ணீர்கூடக் குடிக்காமல் கலைந்தார்கள்.

தையலம்மாள் மகனுக்கு இலை போட்டாள்.

"புள்ளைங்கள்லாம் எங்கம்மா?"

"சாப்புடு. நாளைலருந்து கழனிக்கு நானும் வர்றேன்."

"கருமாதி வரைக்கும் நீ வாசல் தாண்டக் கூடாதுன்னாங்களே?"

அவன் சோற்றைப் பிசைவதை நிறுத்தித் தலையைச் சாய்த்தான். தெருவில் எங்கோ ஒரு குழந்தை சிரித்தது. உடனே கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

அவள் இலையில் மோரை ஊற்றினாள்.