நாலாவது பேர்

என் அப்பா ஆதிகேசவன் பஸ் கண்டக்டர். காஞ்சிபுரத்திலிருந்து மாகறல் போகும் பஸ்ஸில் அவரிடம் டிக்கெட் வாங்கினால் பாட்டு இலவசம். "மாகறல் போறவங்க முன்னால வாங்க, மத்தவங்க எல்லாம் பின்னால போங்க!" என்பார். அதற்குப் பெயர் கவிதையாம். நான் தலையில் அடித்துக்கொண்டால், "ரத்தத்துல இருக்குதும்மா கிருஷ்ணவேணி, நான் என்னா பண்ணட்டும்?" என்பார்.

அந்த ரத்தம் வண்டிக்கார முனிசாமியுடையது. நூறு வருஷத்துக்கு முன்னால் மாட்டுவண்டி ஓட்டிப் பிழைத்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. வண்டியில் அவர் பாடியதை மாகறல் பக்கம் இன்றைக்கும் நாற்று நடும் பெண்கள் பாடுகிறார்கள். அவருக்குத் தான் எள்ளுப்பேரன் என்று அப்பா டிப்போ முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். யார் நம்பினார்கள்? "கவிராயர் வர்றாருடா!" என்று டிரைவர்கள் கிண்டல் செய்வார்கள். அங்கே சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொள்வார்.

எழுபத்தொன்றில் மாகறலில் ஒரு படிப்பகம் கட்டி அதற்கு முனிசாமி பெயரை வைக்க ஊர்க்காரர்கள் முடிவு செய்தார்கள். பாடல்களைப் புத்தகமாக்கும் வேலையைச் சின்ன காஞ்சிபுரத்து பாஷ்யம் சார் எடுத்துக்கொண்டார். ரிடையரான தமிழ் வாத்தியார். இரண்டு கண்ணிலும் புரை. பாட்டைக் கேட்டவர்கள் எழுதிவைத்த பழைய நோட்டுகளைப் படித்து டைப் அடிக்க என்னை வைத்துக்கொண்டார். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்துக்குப் போட்டியாக நானும் தட்டிக்கொண்டிருப்பேன்.

வம்சாவளி கேட்க அப்பாவைக் கூப்பிட்டார். அப்பா மூச்சு விடாமல் ஒப்பித்தார். "எங்கப்பா சின்னப்பையன், அவங்கப்பா கன்னியப்பன், அவங்கப்பா பரசுராமன், அவங்கப்பா முனிசாமி. ஆடி அமாவாசைக்குத் திருமுக்கூடல்ல எள்ளுந்தண்ணியும் விடறப்ப இந்த நாலு பேரையும்தான் சார் சொல்றேன். எங்கப்பாவும் அப்படித்தான் சொன்னாரு."

"மூணு தலைமுறைதானே வழக்கம்?" என்றார் சார்.

"எங்க வீட்ல நாலு சார்" என்றார் அப்பா, பெருமையாக.

அழைப்பிதழ் அச்சாகி வந்தது. கவிஞரின் எள்ளுப்பேரன் ஆதிகேசவன் பெயர்ப்பலகையைத் திறந்து வைப்பார் என்று போட்டிருந்தது. அப்பா அதை டிப்போ சுவரில் ஒட்டினார். அன்றோடு கிண்டல் நின்றது. வீட்டில் இரண்டு வேளையும் நன்றாகச் சாப்பிட்டார்.

விழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது கடைசி நோட்டில் ஒரு பாட்டு வந்தது. தாது வருஷப் பஞ்சத்தில் முனிசாமி பாடியது என்று மேலே குறிப்பு இருந்தது.

பெத்தபிள்ளை எனக்கில்லே, பேர்சொல்ல ஆளில்லே
செத்தபிள்ளை இதுவென்று போட்டுவிட்டார் பாதையிலே
பத்துக்கல்லு ஓட்டிவந்தேன், பாலாறு வந்திடுச்சு
ஊத்துத்தண்ணி தாரேண்டா, பரசுராமா கண்முழிடா

என் விரல் நின்றுவிட்டது. முனிசாமிக்குப் பிள்ளையே இல்லை. பரசுராமன் அவர் மகன் இல்லை. செத்துவிட்டான் என்று வழியில் விட்டுப்போன, யாரோ பெற்ற பிள்ளை.

"ஏன் சார், உறவே இல்லாதவங்களுக்கு எள்ளுந்தண்ணியும் விடுவாங்களா?" என்று கேட்டேன்.

"பேஷா விடலாம். சந்ததி இல்லாதவா, நமக்கு உபகாரம் பண்ணினவா பேரையெல்லாம் கடைசியில் சொல்லி ஒரு கை ஜலம் விடறதுண்டு. ஏம்மா கேக்கறே?"

"சும்மாதான் சார்."

நோட்டிலிருந்து அந்தத் தாளை மட்டும் கிழித்தெடுத்து மடித்துப் பைக்குள் போட்டேன். சாரால் படிக்க முடியாது. நான் அடிக்காவிட்டால் அந்தப் பாட்டே இல்லை. அப்பாவின் மானம் பிழைக்கும். இரண்டு நாள் அப்படியே இருந்தேன். எங்கள் வீட்டுப் பிள்ளையைத் தூக்கி எடுத்தவரை நான் பைக்குள் ஒளிப்பதா என்று என் மேலேயே எரிச்சல் வந்தது. விழா நாள் காலையில், சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அப்பாவிடம் படித்துக் காட்டினேன்.

அப்பா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "இன்னொருவாட்டி படிம்மா" என்றார். படித்தேன். விரல் மடக்கி எண்ணினார். "பரசுராமன், கன்னியப்பன், எங்கப்பா. இந்த மூணு பேரும் அந்த ஒருத்தராலதாம்மா. அப்பால நானு, நீ..." என்று மீதி இரண்டு விரலையும் மடக்கினார்.

"போக வேணாம்பா. டிப்போல சிரிப்பாங்க. இத்தக் கிழிச்சிடறேன்."

"கிழிப்பியா? கைய ஒடிச்சிடுவேன்!" அப்பா என்னிடம் இப்படிப் பேசியதே கிடையாது. "சிரிச்சா சிரிக்கட்டும். பெத்த புள்ளையக் காப்பாத்தறது யாருக்கும் கடமை. ஒட்டு உறவில்லாத நம்பளுக்கு எதுக்கும்மா செஞ்சாரு? சாராண்ட குடுத்து புக்குல போடச் சொல்லு."

மாகறலில் நல்ல கூட்டம். டிப்போவிலிருந்து மட்டும் பத்துப் பேர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பலகையைத் திறக்கக் கூப்பிட்டதும் அப்பா மைக்கைப் பிடித்தார்.

"அழைப்பிதழ்ல தப்பா போட்டிருக்குது. தப்பாச் சொன்னவன் நான்தான். நான் அவரு எள்ளுப்பேரன் இல்லீங்க" என்றார். முன்வரிசையில் சலசலப்பு. பாட்டை முழுதாகச் சொன்னார், சொந்தச் சரக்கு ஒரு வார்த்தைகூடச் சேர்க்காமல். சலசலப்பு அடங்கியது.

"அந்தப் பரசுராமன் வழியில வந்தவங்க நாங்க. நூறு வருசமா அவரு வண்டியிலதான் வந்துக்கினு இருக்கிறோம். கண்டக்டர் நானே சொல்றேன், இதுவரைக்கும் டிக்கெட் எடுக்கல. சொந்தம் இல்லாதவன் திறக்கறது முறையில்ல. வேற யாராவது வாங்க."

யாரும் மேடைக்குப் போகவில்லை. முன்வரிசையில் ஒரு டிரைவர் எழுந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். முன்பெல்லாம் தினமும் கிண்டல் செய்தாரே, அவரேதான்.

"கவிராயரே, நீயே தொறய்யா!" என்று கத்தினார்.