பேய் வீட்டில் ஒரு தும்மல்

நோய்த்தொற்றால் மூடிக் கிடந்த பொழுதுபோக்குப் பூங்காவை மறுபடி திறந்தார்கள். அங்கே பேய் வீட்டில் பேயாக இருப்பதுதான் என் வேலை. மேனேஜர் புது விதிகளைச் சொன்னார். பேயும் முகக்கவசம் போட வேண்டுமாம். ஆறடி தள்ளி நின்றுதான் பயமுறுத்த வேண்டுமாம்.

"ஆறடி தள்ளி நிக்கிறதுக்கு நான் எதுக்கு சார்? ஒரு போட்டோவ மாட்டி வைங்க!" என்று எரிந்து விழுந்தேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

திறந்த அன்றே மானம் கப்பலேறியது. இருட்டில் கையை விரித்து "ஊ..." என்று நான் ஊளையிட்டால், ஒரு அம்மா நிதானமாக, "மாஸ்க் மூக்குக்குக் கீழ இறங்கியிருக்கு, ஏத்தி விடுங்க" என்றார். அவர் கணவர் எட்டி நின்றபடியே என் நீள நகங்களில் சானிடைசரைப் பீய்ச்சினார்.

ஆத்திரத்தில் முகக்கவசத்தை வெடுக்கென்று மேலே இழுத்தேன். முகத்தில் அப்பியிருந்த வெள்ளைப் பவுடர் மூக்கில் ஏறியது. தும்மிவிட்டேன்.

அடேயப்பா! அந்த அம்மா செருப்பை விட்டுவிட்டு ஓடினார். கணவர் அவரையும் முந்திக்கொண்டு ஓடினார். எலும்புக்கூடு வேஷக்காரன் சவப்பெட்டிக்குள் புகுந்து மூடியைச் சாத்திக்கொண்டான்.

மேனேஜர் வாசலில் நின்றே கத்தினார்: "பிரமாதம்யா! இனிமே ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு தும்மல்! ஆனா மாஸ்க்கக் கழட்டாத!"

தலைகால் புரியாத சந்தோஷத்தில் வீட்டுக்குப் போய், மனைவிக்கு அந்தத் தும்மலை நடித்துக் காட்டினேன். அவள் என் தலையணையை வெளியே வீசிவிட்டுப் படுக்கையறைக் கதவைத் தாழ்போட்டாள்.

"சும்மா நடிப்புதான்டி!"

"இத்தன வருஷம் பேயோட குடும்பம் நடத்திட்டேன், தும்மலோட நம்மால ஆகாது. ஹால்லயே படுங்க!"