மொட்டுக்குப் பட்ட கண்

வேங்கிக்காலில் நாங்கள் வீடு கட்டிக் குடிவந்தபோது பக்கத்தில் இருந்தது ஒரே ஒரு வீடு, ராஜம்மாளுடையது. நான் காலையில் கலெக்டர் ஆபீசுக்குப் போனால் இருட்டிய பிறகுதான் திரும்புவேன். அதுவரைக்கும் என் மனைவி ரேணுகாம்பாளுக்குப் பேச்சுத்துணை மதில் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த ராஜம்மாள்தான். பௌர்ணமிக்குப் பௌர்ணமி இருவரும் சேர்ந்தே மலை சுற்றப் போவார்கள்.

1997 ஐப்பசியில் எங்கள் ரோஜாச்செடி முதன்முறையாகக் கொத்துக்கொத்தாக மொட்டு விட்டது. ராஜம்மாள் சுவர்மேல் எட்டிப் பார்த்தாள்.

"எவ்ளோ மொட்டு ரேணு. எங்கூட்டுச் செடியில கம்மிதான்."

"உங்களுக்கு என்னக்கா, ஒவ்வொரு பூவும் தட்டு அகலம் வருது," என்றாள் இவள்.

மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. ராத்திரி முழுக்கக் கொட்டும். காலையில் சுள்ளென்று வெயில் அடிக்கும். வாரம் முழுக்க இதே கூத்து. மொட்டுகள் பெருத்தன, விரியவில்லை. வெளி இதழ்கள் நனைந்த காகிதம்போல் ஒட்டிக்கொண்டு பழுப்பேறின.

"கண்ணு பட்டுடுச்சுங்க."

"நனைஞ்சு நனைஞ்சு வெயில்ல காஞ்சா இதழ் ஒட்டிக்கும். அவ்ளோதான்," என்று ஒரு மொட்டின் மேலிதழை நகத்தால் உரித்துக் காட்டினேன். உள்ளே சிவப்பு பளிச்சென்று இருந்தது.

"அந்தக்கா சொன்ன மறுநாள்தானே ஆரம்பிச்சுது?"

என் பேச்சு எடுபடாது என்பது தெரிந்த விஷயம். பேப்பரை எடுத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து அவள் சுவர்ப்பக்கம் தலை காட்டவில்லை. துணியைக்கூட மொட்டை மாடியில் காயப்போட்டாள். அந்தப் பக்கத்திலிருந்தும் குரல் இல்லை. நாள் முழுக்கப் பேச ஆளில்லாமல் இவள் முகம் சுண்டிப்போனதைப் பார்க்க எனக்கு எரிச்சலாகவும் பாவமாகவும் இருந்தது. பௌர்ணமி வேறு நெருங்கியது.

"யாரோட போவ?"

"தனியாப் போறேன். எனக்குக் கால் இல்லையா?"

ஞாயிற்றுக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் உப்பும் காய்ந்த மிளகாயும் எடுத்துச் செடியைச் சுற்றிவிட்டுச் சட்டி நெருப்பில் போட்டாள். கண் பட்டிருந்தால் மிளகாய் கருகினாலும் நெடி வராது என்பது இங்கே கணக்கு. வரவில்லை. இப்போது என்ன சொல்கிறீர்கள் என்பதுபோல என்னைப் பார்த்தாள்.

அடுத்த நிமிஷம் மூக்கில் ஏறியது நெடி. இருவரும் இருமினோம். புகை எங்கள் சட்டியிலிருந்து வரவில்லை. சுவரைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. ரேணுகாம்பாள் எட்டிப் பார்த்தாள். அங்கே ராஜம்மாள் நெருப்புக் கரண்டியோடு தன் ரோஜாச்செடியருகே நின்றிருந்தாள். அந்தச் செடியிலும் மொட்டெல்லாம் பழுப்பு.



"நெடி வருது ரேணு. கண்ணு இல்ல போலருக்கு," என்றாள் ராஜம்மாள், தலையைத் தூக்காமல்.

"மழைதான்க்கா."

"மழைதான்."

பௌர்ணமிக்குச் சேர்ந்தே போனார்கள். துணியும் பழையபடி சுவரோரக் கொடிக்கு வந்தது. எனக்கு நிம்மதி.

தை வெயிலில் இரண்டு வீட்டுச் செடியும் பூத்துத் தள்ளின. ஒருநாள் காலை ராஜம்மாள் சுவரருகே வந்து எங்கள் செடியைப் பார்த்தாள். ரேணுகாம்பாள் காத்திருந்தாள்.

"தண்ணி வந்துச்சா ரேணு?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

உள்ளே வந்த இவளுக்குக் கண் கலங்கியிருந்தது. "நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"அவங்க செடியும்தான் பூத்திருக்கு. நீ சொன்னியா?"

"எப்பிடிங்க சொல்றது," என்றாள். "பயந்துக்குவாங்க."