ஒன்பது மாடிக் கண்காட்சி

எட்டு மாதமாக அந்தக் கட்டடத்தில் எல்லாரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்ட ஒரே ஆள் லிப்ட் மெக்கானிக்தான். புயலில் சேதமான துறைமுகம் மூடிக் கிடந்ததால், பழுதாகி நின்ற லிப்டுக்கு வேண்டிய பாகம் வரவில்லை. அவர் குடியிருந்ததும் அதே கட்டடத்தின் இரண்டாம் மாடி. அரிசி மூட்டையோடு ஏறுகிறவர்கள் அங்கே மூச்சு வாங்குகிற சாக்கில், அவர் வீட்டுக் கதவைப் பார்த்து ஒரு பாட்டம் திட்டித் தீர்த்துவிட்டுத்தான் மேலே போவார்கள்.

ஊர் மெல்ல நிமிர ஆரம்பித்ததும், ஐந்தாம் மாடி டிராயிங் டீச்சர் படிக்கட்டிலேயே ஒரு கண்காட்சி ஏற்பாடு செய்தார். பெயர், 'தாக்குப்பிடிச்சோம்'. மாடிக்கு ஒரு படைப்பு. பஸ் டிரைவர் பழைய டிக்கெட்டுகளை ஒட்டியே ஒரு பஸ் செய்தார். ஏழாம் மாடித் தையற்காரி, கட்டடம் முழுவதும் கிழிந்துபோன துணிகளைச் சேர்த்து ஒரு பெரிய போர்வை தைத்தாள். முழங்கால் மோசமாகி எட்டு மாதமாகக் கீழே இறங்காதவள் அவள். தைக்க வேண்டிய துணியெல்லாம் கயிறு கட்டிய கூடையில்தான் ஜன்னல் வழியாக ஏறி இறங்கின.

மெக்கானிக்கிடம் மட்டும் யாரும் எதுவும் கேட்கவில்லை.

"எனக்கென்ன ஒரு கோடு போடத் தெரியாதா?" என்று மனைவியிடம் பொருமினார்.

"நேரா ஒண்ணு போட்டுக் காட்டுங்க, பாப்போம்" என்றாள் அவள்.

கண்காட்சிக்கு முந்தின நாள் துறைமுகத்திலிருந்து பாகம் வந்து சேர்ந்தது. விடிந்ததும் விடியாததுமாக மாட்டினார். லிப்ட் சமர்த்தாக ஓடியது. சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு கீழே வந்து நின்றார், பாராட்டை வாங்க.

டீச்சர் முகம்தான் சுருங்கிப்போனது.

"ஓடுதா? ஐயோ, இன்னிக்கா?"

"ஏன் டீச்சர், நல்ல நாள் பாக்கணுமா?"

"லிப்ட் ஓடினா யாரு படி ஏறுவாங்க? நேரா வீட்டுக்குப் போயிடுவாங்களே. சாயங்காலம் வரைக்கும் நிறுத்தி வைங்களேன், தயவு பண்ணி."

ஓடவில்லை என்று எட்டு மாதம் திட்டு, இப்போது ஓடுகிறது என்று திட்டு. ஆனாலும் டீச்சர் கைகூப்பி நிற்கும்போது என்ன செய்வது? லிப்டின் மின்சாரத்தை நிறுத்த, மொட்டை மாடி மோட்டார் அறைக்கு வீம்பாகப் படியிலேயே ஏறினார்.

ஏழாம் மாடியில் தையற்காரி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். தலை வாரி, புதுத் துணி உடுத்தி, புதுச் செருப்பு மாட்டியிருந்தாள்.

"சத்தம் கேட்டுச்சுண்ணே. ஓடுதுல்ல?"

மெக்கானிக் மொட்டை மாடிப் படியைப் பார்த்தார். அந்தச் செருப்பைப் பார்த்தார்.

"ஓடுது, வாம்மா" என்றார்.

கீழே நின்ற டீச்சரிடம் படிக்கட்டு வழியாகவே குனிந்து கத்தினார்: "முட்டி வலிக்கிறவங்களுக்கு மட்டும் லிப்ட். மாடிக்கு மாடி நிறுத்தி நானே காட்டுறேன். மத்தவங்க நடக்கட்டும்."

ஒன்பதாம் மாடியிலிருந்து ஒவ்வொன்றாக இறங்கினார்கள். தெரிந்ததும் தெரியாததுமாக அவர் விளக்கம் சொன்னார். எட்டாம் மாடி நர்ஸ் வரைந்த, கடை முன்னால் ஆட்கள் நிற்கும் வரிசையைப் பார்த்து, "இது ரயில்" என்றார். தையற்காரி ஒவ்வொரு படத்தையும் கண்ணால் விழுங்கிக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் மாடியில் முடிதிருத்துகிறவர் வரைந்த படம். லிப்ட் குழிக்குள் தலையை விட்டுக் குனிந்திருக்கும் ஓர் ஆள். தெரிந்தது பின்புறம் மட்டும். கீழே எழுதியிருந்தது: 'தினமும் வந்து பார்த்தவர்.'

"யாருன்னு தெரியல" என்றார் மெக்கானிக்.

"எனக்குத் தெரியுது. அந்தப் பேண்ட்ல நீல ஒட்டு நான் போட்டது."

காது மடல் வரை சிவந்துபோனது அவருக்கு. கீழே இறங்கியதும், தன்னிடம் மட்டும் ஏன் எதுவும் கேட்கவில்லை என்று டீச்சரைப் பிடித்தார்.

"உங்களப் பத்தின படத்துக்கு உங்ககிட்டயே எப்படிக் கேக்கறது?" என்றார் டீச்சர். "முகம் வரையச் சொன்னேன். அவரு இதுதான் நல்லா ஞாபகம் இருக்குன்னுட்டாரு."

இதற்குள் கைத்தடியோடு நாலைந்து பேர் லிப்டுக்கு வரிசையில் நின்றார்கள். அதில் இரண்டு பேருக்கு முட்டிவலி அந்த நிமிடம்தான் வந்திருந்தது. தையற்காரியோ வாசலைத் தாண்டித் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, முனை வரைக்கும் போய்ட்டு வரலாமா? ஒரு டீ குடிக்கணும்."

அவர் மனைவியைக் கூப்பிட்டு லிப்டில் நிறுத்தினார். "ஒன்பதுல ஆரம்பி. எல்லாத்துலயும் நிறுத்து."

"மூணாம் மாடியில கொஞ்சம் அதிகமா நிறுத்தறேன்" என்றாள் மனைவி.

அவர் காதில் விழாதது போல, தையற்காரிக்குக் கை கொடுத்து வாசல்படி இறங்கினார்.